கல்லின் அடியில் நடந்த தண்ணீர்

காற்றே இல்லாமல் நேராகப் பெய்யும் மழையில்தான் மரியம்மாளின் கட்டில் அதிகமாக நனைந்தது. இதுதான் ஆரோக்கியநாதனுக்குப் புரியவில்லை. சாரல் அடித்தால் ஜன்னல் வழியாகத் தண்ணீர் வருவது நியாயம். ஆனால் ஜன்னலுக்கு மேலே சுவரிலிருந்து ஒரு முழத்துக்கும் அதிகமாக ஒரு கற்பலகை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நேராக இறங்கும் மழையை அது தடுக்கத்தான் செய்தது. ஜன்னலுக்குக் கீழே தெருவில் ஒரு பட்டை மண் கடைசிவரை உலர்ந்தே கிடக்கும். அப்படியும் பலகையும் சுவரும் சேரும் இடத்தில் முதலில் ஈரம் கசியும். பிறகு அது கோடாகி, ஜன்னல் சட்டத்தில் வழிந்து, உள்ளே கட்டிலின் தலைமாட்டில் சொட்ட ஆரம்பிக்கும்.

மரியம்மாளுக்கு க்ஷயரோகம். இரவும் பகலும் நல்ல காற்று வேண்டும், உடம்பில் ஈரம் படவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். செல்லூரில் அவர்கள் இருந்த வீட்டில் இரண்டே அறைகள். பின்னறை சமையலுக்கு, அதன் ஜன்னல் பக்கத்து வீட்டுத் தறிக்கூடத்தைப் பார்த்திருந்தது. திறந்தால் பஞ்சுத்தூசி பறந்து வரும். ஆகவே தெருப்பக்கத்து ஜன்னல் ஒன்றுதான் அவளுக்கு மூச்சு. கட்டிலை அதன் அடியில் ஒட்டிப் போட்டிருந்தார்கள். ஜன்னலை அடைத்தால் காற்றில்லை, திறந்தால் ஈரம்.

ஆரோக்கியநாதன் மிஷன் பள்ளிக்கூடத்தில் பௌதிக ஆசிரியர். தண்ணீரைப் பற்றி வருடந்தோறும் பாடம் நடத்துகிறவர். கல்லும் சுவரும் சேரும் இடத்தில் விரிசல் இருக்கும் என்று முதலில் நினைத்தார். கடுக்காய்ச் சாறு விட்டு அரைத்த சுண்ணாம்பை அந்த இடுக்கில் இறுக அடைத்தார். தண்ணீர் வந்தது. பலகையின் மேற்பக்கத்தில் தண்ணீர் தேங்கிப் பின்னால் வருகிறதோ என்று, மேலே சாந்து போட்டு வெளிப்பக்கமாகச் சரிவு கொடுத்தார். சரிவில் ஒரு சொட்டுகூட நிற்கவில்லை. முழுவதும் முன்விளிம்பு வழியாகத்தான் வழிந்தது. இருந்தும் கட்டில் நனைந்தது.

பிறகு பலகையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். உளி கொத்திய கல், சொரசொரவென்று இருந்தது. சொரசொரப்பில்தான் ஈரம் தங்குகிறது. தாமரை இலைபோல வழவழப்பாக இருந்தால் தண்ணீர் ஒட்டாமல் ஓடிவிடும் என்று முடிவு செய்தார். அடிப்பக்கம் முழுவதும் அரை விரற்கடை கனத்துக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசி, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றினார். கழுத்து பிடித்துக்கொண்டு ஒரு வாரம் நிமிர முடியவில்லை. அடுத்த மழையில் முன்னைவிட வேகமாகத் தண்ணீர் உள்ளே வந்தது.

"ஊர்ல எல்லார் வீட்டுலயும் தண்ணி மேலருந்து கீழ வரும். பிசிக்ஸ் வாத்தியார் வீட்டுல மட்டும் வெளியருந்து உள்ள வருது" என்றாள் மரியம்மாள். சிரித்தால் இருமல் வரும் என்று உதட்டை மட்டும் விரித்தாள்.

"இரு, கண்டுபிடிக்கிறேன்."

"வெரசாக் கண்டுபிடிங்க. நான் எம்புட்டு நாள் பாத்துக்கிட்டுக் கெடப்பேன்?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் வெளியே போய் மறுபடியும் பலகையை அண்ணாந்து பார்த்தார்.

தீபாவளி விடுமுறை வந்தது. சரித்திர ஆசிரியர் ஹாலாஸ்யம் மேலூருக்கு அப்பால் மலையில் கூகைக் கெவி என்ற பள்ளத்தாக்கைப் பார்க்கப் போவதாக வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு குகையில் சமண முனிவர்கள் வெட்டிய கற்படுக்கைகள் இருந்தன. சுற்றுப்பட்டு ஜனங்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். ஆரோக்கியநாதன் தன்னால் வர முடியாது என்றுதான் சொல்லி அனுப்பினார். மரியம்மாள்தான் விடவில்லை.

"போயிட்டு வாங்க. அந்த மலை எனக்குத் தெரியும். சின்னதுல நாங்க களை எடுக்கிற வயல்லருந்து தெனமும் தெரியும். ஏறணும்னு ஆசை. பொட்டப்புள்ளைக்கு அங்கிட்டு என்ன சோலின்னு அப்பா விடல. கல்யாணம் கட்டினப்புறம் நீங்க கூட்டிட்டுப் போறேன்னீங்க."

"ஒடம்பு தேறட்டும், ரெண்டு பேருமாப் போவோம்."

"இப்ப நீங்க போங்க. ஒவ்வொண்ணா நல்லாப் பாத்து வந்து சொல்லுங்க. சும்மா 'நல்லாருந்துச்சு'ன்னு சொல்லக்கூடாது."

அவளுடைய அக்கா ஆரோக்கியம் துணைக்கு வந்திருந்தாள். "மேகம் ஒரு பொட்டு இல்ல தம்பி. மழை வந்தா நான் கட்டிலை இழுத்துப் போடமாட்டேனா? போயிட்டு வாங்க" என்றாள்.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்கள் கரியில் ஓடின. பின்னால் தகர அடுப்பு ஒன்றைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் புகைய விடுவார்கள். முழுவதும் எரியாத கரியிலிருந்து ஒரு வாயு வரும். அதைக் குழாய் வழியாக எஞ்சினுக்கு இழுத்தால், பெட்ரோல் ஆவி செய்கிற வேலையை அது ஏதோ முக்கால்வாசி செய்யும். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளவேண்டும். ஹாலாஸ்யம் பஞ்சகச்சத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினார்.

"ஓய், இது என்னங்காணும், டிக்கெட்டும் வாங்கி வண்டியும் தள்ளறது?"

"வாயுவுல சூடு கம்மி சார். நாம தள்ளுறதையும் சேத்தாத்தான் முழு எஞ்சின்."

மேலூரில் இறங்கி, மாட்டுவண்டி பிடித்து, மலையடிவாரத்தில் முத்திருளன் என்ற ஆடு மேய்க்கிறவனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு நடந்தார்கள். பள்ளத்தாக்கின் வாய் குறுகலாக இருந்தது. இரண்டு பக்கமும் செங்குத்தான கரும்பாறை. நடுவே மணலும் உருண்டைக் கற்களுமாக ஓர் ஓடை, தண்ணீர் கணுக்கால் அளவு. ஓடைக் கற்களில் யானை உயரத்துக் குண்டுகள்கூட இருந்தன. அவற்றை இங்கே உருட்டி வந்தது எது என்று ஆரோக்கியநாதன் கேட்டார்.

"தண்ணிதான்" என்றான் முத்திருளன்.

"இந்தத் தண்ணியா?"

"இதுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கான் அய்யா. எப்பவாச்சும் வருவான்."

மாட்டின் விலா எலும்புகள் ஒரு பாறை இடுக்கில் வெளுத்துக் கிடந்தன. உச்சியில் பிணந்தின்னிக் கழுகுகள் இறக்கையை அசைக்காமல் சுற்றின. வெயிலில் சூடான பாறையை ஒட்டிக் காற்று மேலேறும். அந்தக் காற்றின்மேல் சாய்ந்துகொண்டால் கழுகுக்கு உழைப்பு வேண்டாம். இதை மரியம்மாளுக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். பாறையில் வேர்களை மெழுகுபோல வழியவிட்டு நின்ற இச்சிமரம், தட்டினால் வெண்கலம்போல ஒலித்த ஒரு கல் என்று ஒவ்வொன்றாக மனத்தில் அடுக்கினார்.

ஓடையைக் கடந்து எதிர்க்கரையில் ஏறினால் குகை. பெரிய பாறை ஒன்று நெற்றிபோல முன்னால் கவிந்திருந்தது. அதன் அடியில் வரிசையாகப் படுக்கைகள். ஓர் ஆள் படுக்கும் அளவுக்குப் பாறையை வழித்து, தலைமாட்டில் மட்டும் தலையணைபோலக் கொஞ்சம் உயரமாக விட்டிருந்தார்கள்.

ஆரோக்கியநாதன் ஒன்றில் படுத்துப் பார்த்தார். கல்லின் குளிர் சட்டையைத் தாண்டி முதுகில் ஏறியது.

"தூங்கறதுக்கு மட்டும்னு நினைச்சுக்காதேயும்" என்றார் ஹாலாஸ்யம். "உடம்பு இனிமே ஆகாதுன்னு தெரிஞ்சா அன்னத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, கடைசியிலே தண்ணியையும் விட்டுட்டு, இப்படியே படுத்துப் பிராணனை விட்டுடுவா. விரதம். நீர் படுத்திருக்கிற இடத்துலே எத்தனை பேர் போனாளோ!"

ஆரோக்கியநாதன் எழுந்துவிட்டார்.

அப்போதுதான் பாறையின் நெற்றியில் ஓடிய அந்தக் கோட்டைப் பார்த்தார். குகைவாயின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, தலைக்கு மேலே, விளிம்புக்குச் சற்று உட்புறமாக, கல்லில் குறுகிய நீள்பள்ளமாக ஒரு காடி வெட்டியிருந்தது. விரல் வைத்தால் பதியும் ஆழம்.

"இது என்ன சார்?"

"கல்வெட்டு எழுத நூல் பிடிச்சுக் கோடு போட்டிருக்கான். அப்புறம் எழுதாம விட்டுட்டான். உபயதாரர் கைவிட்டிருப்பார்."

"எழுதுறதுக்குப் போட்ட கோடு இம்புட்டு ஆழமாவா இருக்கும்?"

முத்திருளன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பீமன் ஊஞ்ச கட்டி ஆடினதுல கயிறு அறுத்த தடம் அது" என்றான்.

"பீமன் எடைக்கு இந்த மலையே இறங்கியிருக்குமேடா" என்று ஹாலாஸ்யம் சொல்ல, மூவரும் சிரித்தார்கள்.

மேகம் மலைக்கு மறுபுறத்திலிருந்து வந்ததால் வருவது தெரியவில்லை. திடீரென்று பள்ளத்தாக்கில் நிழல் விழுந்தது. கழுகுகளைக் காணவில்லை. பிறகு காற்றே இல்லாமல், கனத்த நேர் மழை இறங்கியது.

கல்லின்மேல் உட்கார்ந்து மூவரும் வெளியே பார்த்தார்கள். மழை பாறையின் உச்சியில் பட்டு, அதன் வட்டமான முகத்தின் வழியே தகடாக வழிந்து வந்தது. விளிம்பில் பெரும்பகுதி கீழே விழுந்தது. ஆனால் எல்லாம் விழவில்லை. ஒரு பகுதி விளிம்பைச் சுற்றி வளைந்து, கல்லைவிட்டுப் பிரியாமல், பாறையின் அடிப்பக்கமாக உள்ளே நடந்து வந்தது. தலைக்கு மேலே, கூரையில் தலைகீழாக ஓடும் தண்ணீர். ஆரோக்கியநாதன் வாய் திறந்தபடி அதைப் பார்த்தார். அது படுக்கைகளை நோக்கித்தான் வந்தது. பாறையின் அடிப்பக்கம் உட்புறமாகச் சரிந்திருந்ததால் அதற்கு வழி இறக்கம்.

காடி வரைக்கும் வந்தது. அங்கே நின்றது.

அதற்கு மேல் உள்ளே போகவேண்டுமானால், காடியின் உட்சுவரில் மேல்நோக்கி ஏறி, மறுபடி இறங்கவேண்டும். தண்ணீரால் அது முடியவில்லை. காடியின் வெளியோரத்தில் சேர்ந்து, திரண்டு, கனம் தாங்காமல் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்தது. குகைவாய் முழுவதும் மணிச்சரம் தொங்கவிட்டதுபோல வரிசையாக விழுந்தது. அந்த வரிசைக்கு உள்ளே ஒரு படுக்கைகூட நனையவில்லை.

அவர் எழுந்து காடிக்கு அருகே கையை வைத்தார். வெளிப்பக்கம் ஈரம். உட்பக்கம் காய்ந்த கல்.

"சார், இது எழுத்துக்கோடு இல்ல. தண்ணிய நிறுத்துறதுக்கு வெட்டினது."

"அட!" என்றார் ஹாலாஸ்யம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரிசையாக விழும் சொட்டுகளைப் பார்த்தார். "ரெண்டாயிரம் வருஷமா வேலை செஞ்சிண்டிருக்கே, ஓய்!"

ஆரோக்கியநாதனின் முகத்தில் இருந்த மகிழ்ச்சி ஒரு நிமிஷம்தான் நின்றது. தன் வீட்டுப் பலகையில் நடப்பது முழுவதும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. முன்விளிம்பில் வழிகிற தண்ணீர் அங்கேயும் வளைந்து அடிக்குத் திரும்புகிறது. காற்று அடித்தால் விளிம்பிலேயே உதிர்ந்துவிடும், காற்றில்லாதபோது கல்லைவிட்டுப் பிரியாமல் வருகிறது. பலகையின் அடி சுவரை நோக்கிச் சரிந்திருக்கவேண்டும். மேலே சரிவு பார்த்தாரே ஒழிய அடியை அவர் அளக்கவே இல்லை. மெருகேற்றிய சுண்ணாம்பு தாமரை இலை அல்ல. ஈரம் அதில் படிந்து பரவும். தடையில்லாமல் ஓடவும் செய்யும். கழுத்து வலிக்க வலிக்கத் தண்ணீருக்கு ராஜபாட்டை போட்டுக் கொடுத்திருந்தார்.

இந்த மேகம் தென்மேற்காகப் போகிறது. மதுரைப் பக்கம்.

"நான் போகணும்" என்றார்.

கீழே ஓடை இல்லை. அது இருந்த இடத்தில் சிவந்த தண்ணீர் கரைகளை முட்டிக்கொண்டு போனது. உள்ளே கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் சத்தம், வயிற்றுக்குள் கேட்பதுபோலக் கேட்டது.

"அண்ணன் வந்துட்டான்" என்றான் முத்திருளன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"ஒன் தலப்பாவக் கயிறாப் பிடி. நான் எறங்குறேன்."

"வாத்தியாரய்யா, மாடு போன எடம் இது."

"வீட்டுல அவ நனைஞ்சுக்கிட்டிருப்பாப்பா!"

"மச்சினி கூட இருக்காளே, ஓய். கட்டிலை நகர்த்த மாட்டாளா? உட்காரும்!" என்று ஹாலாஸ்யம் தோளைப் பிடித்தார். ஆரோக்கியநாதன் கையை உதறிக்கொண்டு இறங்கினார். முத்திருளன் தன் தலைப்பாகையை அவசரமாக அவிழ்த்து அவர் இடுப்பில் சுற்றி, மறுமுனையைக் கரையோர மரத்தில் முடிந்தான். முழங்கால் வரை தண்ணீர் வந்ததுமே காலுக்குக் கீழிருந்த கல் நகர்ந்தது. ஒரு முறை முழுகினார், பாறையில் நெற்றி அடிபட்டது, தலைப்பாகை இறுகி அவரை நிறுத்தியது. இருவரும் சேர்ந்து அவரை மீனை இழுப்பதுபோல இழுத்துப் போட்டார்கள்.

அவர் உலர்ந்த கற்படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, காடியிலிருந்து சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்யவேண்டும் என்பது இப்போது தெரியும். செய்யவேண்டிய இடத்துக்குப் போகத்தான் வழியில்லை.

மறுநாள்தான் ஓடை வடிந்தது. மேலூரில் பஸ்காரன் நனைந்த கரியை அடுப்பில் போட்டிருந்தான். ஈரக் கரியில் நீராவிதான் அதிகம் வரும், எரியும் வாயு குறைவு. பஸ் நடையைவிட மெதுவாக ஊர்ந்தது. அவர் வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

ஜன்னலடியில் கட்டில் வெறுமையாக இருந்தது. வாசலில் சாத்தியிருந்த மெத்தையிலிருந்து நீர் சொட்டியது. மரியம்மாளைச் சமையலறையில் பாயில் கிடத்தியிருந்தார்கள். நனைந்த விறகு புகைந்துகொண்டிருந்தது. அவளுடைய தலையருகே இருந்த தகரக் குவளையை ஆரோக்கியம் முந்தானையால் மறைத்தாள். மறைப்பதற்குள் அதில் சிவப்பைப் பார்த்துவிட்டார்.

"ரேஷன் கடை வரிசையில நின்னேன் தம்பி" என்று ஆரோக்கியம் அழுதாள். "எம் முறை வார நேரம் மழை புடிச்சுக்கிருச்சு. விட்டா அரிசி போயிரும்னு நின்னுட்டேன். வந்து பாத்தா இவ தொப்பலா நனைஞ்சு, கட்டிலைத் தானே இழுக்கப் பாத்து, கீழ கெடக்கா. நான் பாவி!"

"அக்காவ வையாதீங்க" என்றாள் மரியம்மாள். உடம்பு அனலாகக் கொதித்தது. "மலைக்குப் போனீங்களா?"

"போனேன்."

"நெத்தியில என்ன?"

"கல்லு பட்டுருச்சு."

தெருவில் அம்மி கொத்துகிற கருப்பு என்பவனிடம் உளியும் சுத்தியலும் இரவல் வாங்கினார். மறுநாள் காலையில் ஜன்னலுக்கு வெளியே முக்காலி போட்டு ஏறினார். வீட்டுக்காரர் வெள்ளைத்துரை ஓடிவந்தார்.

"என்ன வாத்தியாரே, எங் கல்லப் போயிக் கொத்துறீக? ஒரு கீறல் விழுந்தா பலகையே எறங்கிரும்!"

"நான் பூசின சுண்ணாம்பைத்தான் வெட்டுறேன் அண்ணே. கல்லு லேசாத்தான் படும்."

"இத்தன நாளு பூசினீக. இப்ப பேத்து எடுக்கிறீக. ஒங்களுக்கே வெளங்குதா?"

"இப்பத்தான் வெளங்குச்சு."

ஆரோக்கியம் கட்டிலைக் காயவைத்து ஜன்னலடியில் திரும்பப் போட்டு, தங்கையைத் தூக்கிப் படுக்க வைத்திருந்தாள். தூசி உள்ளே வராமலிருக்க பழைய வேட்டி ஒன்றை ஜன்னலில் கட்டியிருந்தார்கள். வேட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மரியம்மாள் கேட்டாள்.

"சொல்லுங்க. நல்லாருந்துச்சுன்னு சொல்லக்கூடாது."

அவர் ஓர் அடி அடித்துவிட்டு ஒன்று சொன்னார். கழுகு இறக்கையை அசைக்காமல் ஏறுவதைச் சொன்னார். இன்னோர் அடி. இச்சிவேர் பாறையில் வழிந்திருப்பதைச் சொன்னார். வெண்கலம்போல ஒலிக்கும் கல்லைச் சொன்னபோது, உளியால் முக்காலியின் இரும்புக்காலைத் தட்டி அந்த ஓசையைக் காட்டப் பார்த்தார், ஒத்து வரவில்லை.

"படுக்கை?"

"கல்லுலதான். குளுந்து கெடந்துச்சு."

"தலகாணி?"

"அதுவும் கல்லு."

"படுத்துப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எந்திரிக்க மனசு வந்துச்சா?"

சுண்ணாம்புத் துகள் கண்ணில் விழுந்தது. துடைத்துக்கொண்டு, "ஒடனே எந்திரிச்சிட்டேன்" என்றார். அந்தப் படுக்கைகளில் கிடந்தவர்களைப் பற்றி ஹாலாஸ்யம் சொன்னதை அவர் சொல்லவில்லை.

அடுத்த மழை காற்றில்லாமல் வந்தது. ஜன்னல் முழுவதும் திறந்திருந்தது. பலகையின் விளிம்புக்குச் சற்று உள்ளே, வெட்டிய காடியிலிருந்து, கோடு பிடித்ததுபோல ஒரே வரிசையில் சொட்டுகள் விழுந்தன. சுவர் உலர்ந்திருந்தது. மரியம்மாள் தலையணையில் முகத்தைத் திருப்பி வெகுநேரம் பார்த்தாள். தலைமாட்டைக் கையால் தடவினாள்.

"உள்ள வரல" என்றாள்.

"வராது."

"குகையில இப்பிடித்தான் விழுந்துச்சா?"

"இதே மாதிரி."

"அப்ப நானும் பாத்துட்டேன்."

ஆனால் அவள் நெஞ்சுக்குள் இருந்தது வேறு தண்ணீர். முதுகில் தட்டிப் பார்த்த டாக்டர், ஒரு பக்கம் ஓசை மந்தமாக இருக்கிறது என்றார். காற்று இருக்கும் இடம் தட்டினால் மத்தளம்போல ஒலிக்கும்; நீர் கட்டிய இடம் மரக்கட்டைபோல ஒலிக்கும். கிறிஸ்துமஸுக்கு முன்பே ஒரு விடியலில் அவள் இறந்தாள். கடைசிவரை அந்தக் கட்டில் மறுபடி நனையவில்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து வெள்ளைத்துரை வந்தார். ஜன்னல் பலகையின் காடியை அண்ணாந்து பார்த்தார். பிறகு தயங்கிக்கொண்டே, பின்வீட்டில் தன் மருமகள் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள், அங்கேயும் ஜன்னலில் இதே தொந்தரவுதான் என்றார்.

"கேக்கக் கூடாத நேரம். இருந்தாலும், அது என்ன செஞ்சீகன்னு சொன்னாத் தேவல."

ஆரோக்கியநாதன் உளியை எடுத்துக்கொண்டு அவரோடு பின்வீட்டுக்குப் போனார். பலகைக்கு அடியில் நின்று கரித்துண்டால் கோடு இழுத்துக் காட்டினார்.

"தண்ணி விளிம்போட விழுந்துராது அண்ணே. கல்லை ஒட்டிக்கிட்டு அடிப்பக்கமா உள்ள வரும். அதனால விளிம்புலருந்து ரெண்டு விரக்கடை உள்ள தள்ளி, பலகைக்கு அடியில, இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் எங்கயும் விடாம, சுண்டுவெரல் பதியிற ஆழத்துக்கு ஒரு காடி வெட்டணும். காடிக்கு வந்ததும் தண்ணியால மேல ஏற முடியாது. அங்கனயே நின்னு கீழ விழுந்துரும்."